எழுதும் நாட்களுக்கு யார் கூலி தருவது?

தமிழ் சினிமாவில் நல்ல கதைக்குப் பஞ்சம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நடிகர்களும் சொல்கிறார்கள். வரிசையாக நான்கு படங்கள் ஓடாத மாதத்தில் விமர்சகர்களும் அதையே எழுதுகிறார்கள். அதே மாதத்தில் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும், நான்கைந்து பேர் சேர்ந்து வாடகை கொடுக்கும் அறைகளில், எழுதி முடித்த திரைக்கதையோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊரில் நடக்கின்றன என்றால் குறை திறமையில் இல்லை.

எந்தத் திரைக்கதையும் முதல் தடவையிலேயே அமைந்துவிடாது. மூன்றாவது, நான்காவது முறை திருத்தி எழுதும்போதுதான் அது படமாக்கத் தக்கதாகிறது. அந்தத் திருத்தத்துக்கு எட்டு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை எழுதுகிறவர் எதை வைத்துச் சாப்பிடுவார்? நம் திரைத்துறையிடம் இதற்குப் பதில் இல்லை. புதிய எழுத்தாளர்களை ஊக்குவிப்பது பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று வாசல்கள்

முன்பு அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. முதல் வாசல் ஸ்டுடியோ. அதன் காலத்தில் எழுத்தாளர் மாதச் சம்பளக்காரர். எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) படத்தின் கதை ஜெமினி கதை இலாகாவின் பெயரில் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், வேப்பத்தூர் கிட்டு போன்றவர்கள் அந்த இலாகாவில் இருந்தார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் மு. கருணாநிதி எழுதினார், கண்ணதாசன் எழுதினார். எழுதிய காட்சி பிடிக்காமல் முதலாளி தூக்கிப் போட்டாலும் சம்பளம் நிற்காது. தூக்கிப் போடும் காட்சிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்ததுதான் கதை இலாகாவின் சிறப்பு. கூட்டாக எழுதியதால் தனி எழுத்தாளரின் பெயர் மறைந்துபோனது என்ற குறை அதில் உண்டு. ஆனால் பசியில்லாமல் திருத்தி எழுத அது இடம் கொடுத்தது.

இரண்டாவது வாசல் நாடக மேடை. கே. பாலசந்தர் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’ என்று மேடையில் எழுதிப் பழகித்தான் ‘தெய்வத்தாய்’ (1964) படத்துக்கு வசனம் எழுதினார். அடுத்த ஆண்டே ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். விசு, மௌலி, கோமல் சுவாமிநாதன், கிரேஸி மோகன் எல்லாரும் சபாக்களிலிருந்து வந்தவர்கள். வசனம் எங்கே தொய்கிறது, சிரிப்பு எங்கே வரவில்லை என்பதை முன்வரிசை அன்று மாலையே சொல்லிவிடும். அடுத்த மேடைக்குள் திருத்திவிடலாம். கோமலின் ‘தண்ணீர் தண்ணீர்’ அப்படி மேடையில் நின்று பழகிய பிறகுதான் பாலசந்தரின் கைக்கு வந்து, 1981இல் படமாகி, திரைக்கதைக்கான தேசிய விருதையும் பெற்றது.

மூன்றாவது வாசல் பத்திரிகை. உமாசந்திரனின் நாவல்தான் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978). சிவசங்கரியின் நாவல் ‘47 நாட்கள்’ (1981) ஆனது. அனுராதா ரமணனின் கதை ‘சிறை’ (1984) ஆனது. இந்த வாசலுக்குத் தனி மதிப்பு உண்டு. பெண்கள் லாட்ஜ் அறை டிஸ்கஷன்களில் உட்காராமலே தங்கள் கதையைத் திரைக்குக் கொண்டுபோக அது வழி செய்தது. பத்திரிகை சன்மானம் கொடுத்தது. கதை அச்சில் இருந்ததால் யாருடையது என்ற சந்தேகமும் எழவில்லை.

ஸ்டுடியோக்கள் மூடின. சபா நாடகங்கள் மெலிந்தன. வார இதழ்களில் தொடர்கதைகளுக்கான பக்கங்கள் சுருங்கின. இன்று நாள்தோறும் எழுதிக் காசு பார்க்கிற இடமாக மிஞ்சியிருப்பது தொலைக்காட்சித் தொடர்தான். அங்கே எபிசோடுக்கு இவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது, திருத்தி எழுத நேரம்தான் இல்லை.

மூன்று வாசல்களும் திறந்திருந்த நாட்களிலும் சினிமாவை மட்டும் நம்பி எழுதியவர்கள் குறைவு என்பதையும் பார்க்க வேண்டும். பாலசந்தர் ஏஜி ஆபீஸ் ஊழியர். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். பாலகுமாரன் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். கிரேஸி மோகன் பொறியியல் படித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். தமிழ் சினிமா பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எழுத்தில் கணிசமான பகுதி, வேறொரு அலுவலகம் கொடுத்த சம்பளத்தின் பாதுகாப்பில் வளர்ந்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாதவர் என்ன செய்வார்? வீட்டிலிருந்து பணம் வருகிறவர் பத்து வருடம் தாக்குப்பிடிப்பார். ஊரில் கடனும் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கையும் உள்ளவர் மூன்றாவது வருடம் திரும்பிப் போய்விடுவார். கூலியில்லாத எழுத்து என்பது யாருடைய கதை திரைக்கு வரவேண்டும் என்பதைச் சாதியாலும் வசதியாலும் தீர்மானிக்கிற ஏற்பாடு. இதை நான் முதன்மையான அநீதியாகக் கருதுகிறேன்.

கேட்கிறார்கள், படிப்பதில்லை

இன்றைய எழுத்தாளரின் வேலை நாள் எப்படிப் போகிறது? ஒன்லைன் பிடித்திருந்தால் மேனேஜர் வரச் சொல்வார். பிறகு கதை சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேரம், காட்சி காட்சியாக, பின்னணி இசையை வாயால் போட்டு, இன்டர்வல் பிளாக்கில் குரலை உயர்த்தி, அழவேண்டிய இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளருக்கு ஒருமுறை, இயக்குநருக்கு ஒருமுறை, கால்ஷீட் கொடுக்கப்போகும் கதாநாயகனுக்கு ஒருமுறை. இடையில் மாதங்கள் போகும். நன்றாக நடித்துக் காட்டுகிறவரின் சுமாரான கதை தேறிவிடும். நன்றாக எழுதத் தெரிந்து கூச்ச சுபாவம் உள்ளவரின் கதை அறையை விட்டு வெளியே வராது.

கதை ஓகே ஆனதும் டிஸ்கஷன். ஆறேழு பேர் உட்கார்ந்து காட்சிகளைப் பேசுவார்கள். ஒருவர் சொன்ன திருப்பத்தை இன்னொருவர் மெருகேற்றுவார். மூன்றாமவர் அதைச் சீன் பேப்பரில் எழுதுவார். சாப்பாடு வரும், டீ வரும். பேட்டா வந்தால் அதிர்ஷ்டம். படம் முடியும்போது டைட்டில் கார்டில் யார் பெயர் எங்கே வருகிறது என்பதை இயக்குநரின் மனசு தீர்மானிக்கும். லைட்மேனுக்கும் மேக்கப் கலைஞருக்கும் நாள் சம்பளம் இவ்வளவு என்று தொழிற்சங்கம் பேசி முடித்த விகிதம் இருக்கிறது. டிஸ்கஷனில் உட்காரும் நாளுக்கு எல்லாரும் மதிக்கிற விகிதம் எதுவும் நடைமுறையில் இல்லை.

நம் திரைத்துறை கதையைக் காதால் வாங்குகிறது. சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. காதால் வாங்குவதற்கு ரசீது கிடையாது. படித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததால் எழுதிய பக்கத்துக்கு விலை இல்லை. பக்கத்துக்கு விலை இல்லாததால் எழுதும் நாளுக்கும் கூலி இல்லை. தகராறு வரும்போது காட்டுவதற்குச் சான்றும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

சட்டம் எழுதப்பட்டதை மட்டுமே காக்கும். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், 1956இல் வந்த ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் தன் நாடகத்தின் நகல் என்று வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1978இல். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று நீதிமன்றம் சொன்னது, ஆனந்த் தோற்றார். அறையில் வாய்மொழியாகக் கதை சொல்லிவிட்டு வருகிற எந்த இளைஞரும் இந்தத் தீர்ப்பின் தவறான பக்கத்தில்தான் நிற்கிறார்.

2018இல் ‘சர்கார்’ படத்தின்போது நடந்ததை எல்லாரும் பார்த்தோம். ஓர் உதவி இயக்குநர் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் 2007இலேயே பதிவு செய்திருந்த ‘செங்கோல்’ என்ற கதையோடு படத்தின் மையக்கரு ஒத்துப்போவதாக, கே. பாக்யராஜ் தலைமையிலான சங்கம் கூறியது. இயக்குநர் தரப்பு மறுத்தது. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, அந்த உதவி இயக்குநரின் பெயரைத் திரையில் குறிப்பிட ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வளவு பெரிய படத்தில் ஓர் எளிய மனிதரின் குரல் கேட்டதற்குக் காரணம், பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிப் பதிவு செய்து வைத்த காகிதம்தான்.

எழுத்தாளருக்குச் சாதகமான விதிகளும் சட்டத்தில் இருக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். வேறுவிதமாக ஒப்பந்தத்தில் சொல்லாத வரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். 57ஆம் பிரிவு, படைப்பை விற்ற பிறகும் ‘இது என் எழுத்து’ என்று உரிமை கோரும் தகுதியை எழுத்தாளருக்கு விட்டுவைக்கிறது. 2012இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. படத்தில் சேரும் இலக்கியப் படைப்புக்கும் இசைக்கும், திரையரங்கு தவிர்த்த பிற வழிகளில் வரும் வருவாயில் ராயல்டி பெறும் உரிமையைப் படைப்பாளி எழுதிக் கொடுத்துவிடவே முடியாது என்றது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அந்தத் திருத்தத்தின் பலனை ஐபிஆர்எஸ் அமைப்பின் மூலம் பெறத் தொடங்கிவிட்டார்கள். வசனமும் திரைக்கதையும் எழுதியவருக்கு அந்தப் பலன் கைக்கு வந்து சேரவில்லை. ஒரே படத்தை ஓடிடியில் ஆயிரம் முறை பார்த்தாலும் அதன் பாட்டுக்கு வருகிற காசு அதன் வசனத்துக்கு வருவதில்லை.

இயக்குநரானால்தான் பிழைப்பா?

பெயரும் பணமும் உரிமையும் இயக்குநரிடமே போய்ச் சேர்வதால், எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் இயக்குநராகப் பார்க்கிறார். ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று ஒரே பெயர் வருவது நம் படங்களில் வழக்கமாகிவிட்டது. தரமணியில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியிலும் இயக்கமும் திரைக்கதையும் ஒரே பட்டப் படிப்பு. புணே திரைப்படக் கல்லூரியில் திரைக்கதைக்கென்று தனிப் படிப்பு உண்டு.

எழுதி இயக்குபவர்களால்தான் தமிழின் சிறந்த படங்கள் பல வந்தன என்று சொல்வார்கள். உண்மைதான். மகேந்திரன், பாக்யராஜ், சேரன், செல்வராகவன் என்று அந்தப் பட்டியல் நீளமானது, நான் மதிக்கிற பட்டியலும்கூட. ஆனால் இரண்டு கலைகளும் ஒருவரிடம் அமைவது அரிது. எல்லாரையும் அந்த அரிய அளவுகோலில் நிறுத்தினால் இரண்டு இழப்புகள் வரும். நல்ல எழுத்தாளர்கள் சுமாரான இயக்குநர்களாகி ஒரு படத்தோடு காணாமல் போகிறார்கள். காட்சியமைப்பில் கைதேர்ந்த இயக்குநர்களோ இரண்டாவது, மூன்றாவது படத்தில் கதையில்லாமல் தடுமாறுகிறார்கள். ஆர். செல்வராஜ் கதை கொடுத்து, பாரதிராஜா ‘முதல் மரியாதை’ (1985) எடுத்தபோது யாருடைய மதிப்பும் குறையவில்லை. ‘16 வயதினிலே’ (1977) படத்துக்குக் கலைமணி வசனம் எழுதினார். ‘பாசமலர்’ (1961) படத்தின் வசனத்துக்காக இன்றும் ஆரூர்தாஸைச் சொல்கிறோம். எழுத்தாளராகவே ஒரு வாழ்நாளைக் கழிக்க முடிந்த காலம் இங்கே இருந்தது.

அந்த வழி இப்போதும் முழுக்க அடைபட்டுவிடவில்லை. ‘சூரரைப் போற்று’ படத்தின் திரைக்கதைக்கான தேசிய விருதைச் சுதா கொங்கராவும் ஷாலினி உஷாதேவியும் பகிர்ந்துகொண்டார்கள். ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) எழுத்தில் தியாகராஜன் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோரின் பெயர்களும் திரையில் வந்தன. ‘சுழல்’ (2022) தொடரைப் புஷ்கர் – காயத்ரி எழுதி உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். பெயரைப் பகிர்ந்துகொண்டதால் இவற்றில் எந்த இயக்குநரும் சிறுத்துப் போகவில்லை.

பிற இடங்களில் எப்படி?

கேரளத்தில் எழுத்தாளரின் பெயருக்குச் சந்தை மதிப்பு உண்டு. எம்.டி. வாசுதேவன் நாயர் திரைக்கதைக்காக நான்கு முறை தேசிய விருது பெற்றார். லோகிததாஸ் எழுதினார் என்பதற்காகவே மக்கள் படம் பார்த்தார்கள். ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) இயக்கிய மது சி. நாராயணனுக்கு அது முதல் படம். எழுதியவர் சியாம் புஷ்கரன். எழுத்தாளரின் மேல் உள்ள நம்பிக்கை புதிய இயக்குநருக்கு வாய்ப்பு வாங்கித் தந்தது. நிலைத்து நிற்கும் ஓர் எழுத்தாளர் தயாரிப்பாளரின் ஆபத்தைக் குறைக்கிறார் என்பது இதன் பொருளாதாரப் பாடம்.

மும்பையில் சலீம் – ஜாவேத் ‘ஜஞ்ஜீர்’ (1973) படத்தின் போஸ்டர்களில் தங்கள் பெயரைத் தாங்களே ஆள் வைத்து எழுத வேண்டியிருந்தது. பெயர் வந்த பிறகுதான் விலை வந்தது. இன்று அங்குள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கம் கதைகளைப் பதிவு செய்கிறது, தகராறுகளைத் தீர்க்கத் தனிக் குழு வைத்திருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் கில்டின் ஒப்பந்தத்தில் கதைச் சுருக்கம், முதல் வரைவு, திருத்தம், மெருகு என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு. படம் எடுக்கப்படாவிட்டாலும் எழுதிய படிக்குப் பணம் வரும். டைட்டிலில் யார் பெயர் என்று தகராறு வந்தால் கில்டே தீர்ப்புச் சொல்லும். 2023 மே மாதம் தொடங்கி 148 நாட்கள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவது எழுத்துப் படைப்பாகக் கருதப்படாது என்ற விதியையும் பெற்றார்கள். நமக்கும் இது அவசரமான விஷயம். முதல் வரைவை இயந்திரத்திடம் வாங்கிக்கொண்டு திருத்துவதற்கு மட்டும் ஆள் தேடும் வழக்கம் இங்கே வந்தால், முதலில் வேலை இழப்பவர் அந்த முதல் வரைவில் தொழில் கற்றிருக்க வேண்டிய புதியவர்.

செய்ய வேண்டியவை

முதலில், படிக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு பெரிய தயாரிப்பு நிறுவனமும் சம்பளம் கொடுத்து இரண்டு மூன்று படிப்பாளர்களை வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் பிபிசி ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில் யாரும் திரைக்கதை அனுப்பலாம் என்று கதவைத் திறக்கிறது; முன்பின் அறியாதவரின் எழுத்தையும் படிக்க ஆள் வைத்திருக்கிறது. பாலசந்தரிடம் அனந்து என்ற வாசகர் இருந்தார். அவருடைய வாசிப்பும் அபிப்பிராயமும் அந்தப் பட்டறையை எப்படி வளர்த்தன என்பதை அங்கிருந்து வந்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அனந்து வேண்டும்.

இரண்டாவது, படிப்படியான கூலி. ஒன்லைனுக்கு ஒரு தொகை, முதல் வரைவுக்கு ஒரு தொகை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தொகை என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். குறித்த காலத்துக்குள் படம் தொடங்காவிட்டால் கதை எழுதியவரிடமே திரும்ப வேண்டும். சிறு தயாரிப்பாளரிடம் இதற்குப் பணம் ஏது என்று கேட்பார்கள். நடுத்தரப் படமொன்றின் சில நாள் படப்பிடிப்புச் செலவில் ஓர் எழுத்தாளரின் ஓராண்டு வாழ்க்கை அடங்கிவிடும். காகிதத்தில் ஒரு காட்சியைத் தூக்கிப் போடுவதற்கு ஆகும் செலவு, எடுத்த பிறகு எடிட்டிங் மேசையில் தூக்கிப் போடும் செலவில் ஒரு துளிதான்.

மூன்றாவது, அரசின் பங்கு. தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது. அது படம் முடிந்த பிறகு கிடைக்கும் பணம். அதில் ஒரு பகுதியை எழுதும் காலத்துக்கான நல்கையாக மாற்றலாம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) நடத்தும் திரைக்கதைப் பட்டறையில் செதுக்கப்பட்டுத்தான் ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ போன்ற படம் வந்தது. 2009இல் கமல்ஹாசனின் முயற்சியில் சென்னை ஐஐடியில் நடந்த பட்டறைக்குப் பிரெஞ்சுத் திரைக்கதை எழுத்தாளர் ழான்-குளோத் கேரியேர் வந்து பாடம் எடுத்தார். இங்கே ஆர்வத்துக்குக் குறைவில்லை, தொடர்ச்சிக்குத்தான் குறை. பட்டறை முடிந்து ஊர் திரும்புகிறவருக்கு இரண்டாவது வரைவு எழுத ஆறு மாதச் செலவுக்குப் பணம் கொடுத்தால்தான் அந்தப் பாடம் படமாகும். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் முதல் தலைமுறை எழுத்தாளர்களுக்கும் அந்த நல்கையில் முன்னுரிமை வேண்டும்.

நான்காவது, மூத்தவர்களின் கடமை. பாரதிராஜா தன் உதவியாளர் பாக்யராஜுக்கு வசனம் எழுத இடம் கொடுத்தார். பாக்யராஜிடமிருந்து பார்த்திபனும் பாண்டியராஜனும் வந்தார்கள். சங்கிலி அறுபடாமல் இருந்ததற்கு யாரோ ஒருவர் தன் டைட்டில் கார்டில் இடம் கொடுத்ததுதான் காரணம். பெயர் வாங்கிய ஒவ்வோர் எழுத்தாளரும் தன் அடுத்த படத்தில் ஒரு புதியவருக்குக் கூலியும் பெயரும் வாங்கித் தர முடியும். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

இவற்றில் எதைக் கொண்டு தொடங்குவது என்றால், டிஸ்கஷன் நாளில் தொடங்கலாம். எழுத்தாளர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் திரைத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியும் அடுத்த ஊதியப் பேச்சுக்கு உட்காரும்போது, டிஸ்கஷனில் பங்குபெறும் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரியைச் சேர்க்கட்டும். யார் யார் உட்கார்ந்தார்கள் என்ற வருகைப் பதிவேடும் அதோடு வரும். டைட்டில் கார்டு தகராறுகளுக்கு அதுவே முதல் சான்றாகும். அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால், எழுதுவதும் ஒரு வேலைதான் என்பதை ஸ்டுடியோக்கள் மூடிய பிறகு நம் திரைத்துறை கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்ற உரிமைகளை அந்தக் கையெழுத்தின் மேல் நின்று கேட்கலாம்.